தேதி இல்லாத விதைப் பொட்டலம்

நீல ரோஜா விதை, ஐம்பது எண்ணம் 149 ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? (சேலம்)

வாங்காதீர்கள். மரபணு மாற்றி, ஜப்பானில் 2009-ல் விற்பனைக்கு வந்த 'நீல' ரோஜாவே வெளிர் ஊதாதான்.

ஆடிப்பட்டத்துக்காக இணையத்தில் பன்னிரண்டு வகை காய்கறி விதை 'காம்போ' வாங்கினேன். மூன்று வாரமாகியும் வெண்டையில் இரண்டு முளைத்ததோடு சரி. விற்றவர், "தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள்" என்கிறார். (தாம்பரம்)

தவறு உங்கள் மேல் இல்லை, அம்மா. பன்னிரண்டு வகையில் பதினொன்று முளைக்கவில்லை என்றால் அது பழைய விதை. விதைக்கும் வயதாகும், வெங்காய விதை ஒரே வருடத்தில் வீரியம் இழந்துவிடும். அதனால்தான் ரகம், முளைப்புத்திறன், சோதித்த தேதி, காலாவதி எல்லாம் உறையில் இருக்க வேண்டும். கத்தரிக்குக் குறைந்தது 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம் முளைக்க வேண்டும் என்பது அரசு வைத்த அளவு. மூட்டையாக வாங்கி, ஜிப் கவரில் பிரித்துப் போட்டு, பேனாவால் 'கத்தரி' என்று எழுதி விற்பவர்களிடம் இதில் ஒன்றும் இருக்காது. எனக்கு ஆறாத கோபம் இது. நானும் ஒரு கண்காட்சியில் தேதியில்லாத எட்டுப் பொட்டலம் வாங்கி, ஆடி முழுக்க வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காசு போனதைவிட அந்தப் பட்டம் தவறியதுதான் இன்னும் வலிக்கிறது.

மீதி விதையில் பத்தை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். முளைத்ததை எண்ணிப் படம் எடுங்கள். உறை, பில்லோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும் என்பது 2020-ன் விதி. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்து உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முளைக்காத விதைக்கு நுகர்வோர் மன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் சொல்லிவிட்டது. ஆவணியில் கீரையும் வெண்டையும் மறுபடி போடுங்கள், காலம் இருக்கிறது.

தள்ளுபடியில் செடி வளர்க்கும் பை, நாற்பது குரோ பேக் வாங்கினேன். ஆறு மாதத்தில் உதிர்கிறது. பில் வாங்கவில்லை. பணம் திரும்புமா? (திருச்சி)

கஷ்டம். வெயிலின் யுவி கதிரைத் தாங்குமா என்று கேட்கவில்லை, இரண்டை வாங்கிச் சோதிக்கவில்லை, நாற்பதையும் ஒரே நாளில் அள்ளிவிட்டு வந்து கேட்டால் எதை வைத்துப் பேசுவது? ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவையாவது தேடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மண்ணை வேறு பைக்கு மாற்றுங்கள். நைந்த பை பிய்ந்தால் மண் போய் மாடி வடிகாலை அடைக்கும்.

கோகோபீட் கட்டியில் வைத்த நாற்று ஓரம் கருகுகிறது. (மதுரை)

உப்பு. கழுவாத தேங்காய் நார்க்கழிவை விற்றிருக்கிறார்கள். மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். அடுத்த முறை 'லோ இசி', அதாவது உப்பு குறைவு, என்று அச்சிட்டதை வாங்குங்கள்.

ஓய்வூதியப் பணத்தில் பத்து 'ஒட்டு' மாங்கன்று வாங்கினேன். பார்த்தவர்கள் எல்லாம் கொட்டைக் கன்று என்கிறார்கள். (திண்டுக்கல்)

ஐயா, மனசு கஷ்டமாக இருக்கிறது. தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டுக் கட்டிய தழும்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். இல்லையென்றால் நடாதீர்கள், பையோடு நிழலில் வையுங்கள், அவைதான் சாட்சி. பில்லில் 'ஒட்டு' என்று எழுதியிருந்தால் நகலை எனக்கு அனுப்புங்கள், புகார் மனுவை நானே எழுதித் தருகிறேன்.