இங்கிலாந்தின் டர்ஹாம் சுரங்க ஊர்களில் வளர்ந்த பெரியவர்கள் தகரத் தொட்டியைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?

சுரங்கத்தில் குளிக்க இடம் இல்லை, அதுதான் காரணம். ஷிஃப்ட் முடிந்த அப்பா கரி அப்பிய முகத்தோடு அப்படியே வீட்டுக்கு வருவார். அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டி, அதில் அம்மா காய்ச்சி ஊற்றிய வெந்நீர். அண்ணன்களும் வேறு வேறு ஷிஃப்டில் போனால், நாள் முழுக்க அம்மாவுக்கு இதே வேலைதான். முதுகைக் கழுவினால் வலு போய்விடும் என்று அதை மட்டும் தொடவிடாதவர்களும் உண்டு!

வெந்நீருக்குக் கரிப் பஞ்சமில்லை. சம்பளத்தோடு சேர்ந்த சலுகை நிலக்கரியை வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். அள்ளி உள்ளே போடும் வேலை பல வீடுகளில் பிள்ளைகள் தலையில்தான் விழும்.

1920இல், வெட்டியெடுக்கும் நிலக்கரி டன்னுக்கு ஒரு பென்னி வீதம் வசூலித்துச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி வந்தது. 1926க்கு அப்புறம் அந்த நிதியிலிருந்து சுரங்க வாசலில் குளியலறை கட்டுவது வேகம் பிடித்தது. சில சுரங்கங்களுக்கு 1950கள் வரை அது எட்டவில்லை.