சிலை சரிந்ததற்காக டி.சி. வாங்க வேண்டுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி, சாமந்தி போடும் விவசாயி நான். மகள் கவின்கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஆளை நிற்கவைத்து, அவரைப் பார்த்துக் களிமண்ணில் உருவம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இவள் செய்தது சாய்ந்து சாய்ந்து, கடைசியில் இடுப்போடு சரிந்துவிட்டதாம். மறுபடி செய்ததைப் பார்த்து ஆசிரியர், "பொம்மை மாதிரி நிக்குது" என்று சொல்லிவிட்டார். ராத்திரியானால் போனில் அழுகிறாள், "எனக்கு இது வராதுப்பா" என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம், "அப்பவே பி.காம். சேர்த்திருக்கலாம்" என்கிறார்கள். டி.சி. வாங்கிவந்து தர்மபுரியிலேயே வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா? இதைப் படித்தால் வேலைதான் கிடைக்குமா?

பதில்: ஐயா, டி.சி. வாங்க வேண்டாம். இந்த செமஸ்டர் முடியும்வரை அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள்.

சிலை சரிந்தது ஒரு பிரச்சினை. பொம்மை மாதிரி நிற்பது வேறு பிரச்சினை. பாப்பா இரண்டையும் சேர்த்துப்போட்டு "வராது" என்று முடிவுகட்டிவிட்டாள். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள்.

முதலில் சரிந்த கதை. ஈரக் களிமண் தன் எடையைத் தானே தாங்காது. உள்ளே கம்பியில் ஒரு எலும்புக்கூடு கட்டி, அதன்மேல்தான் மண் ஏற்ற வேண்டும். ஆர்மேச்சர் என்று வகுப்பில் சொல்வது அதைத்தான். அடிப்பலகையில் இரும்புக் கம்பி ஒன்றை உறுதியாக நிறுத்தி, அது முதுகுப்பக்கமாக வந்து உருவத்தின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்படி செய்வார்கள். மார்பு, தோள், தலை என்று மேல்பாதி எடை முழுக்க இறங்குவது அங்கேதான். பாப்பாவின் சிலை சரிந்ததும் அதே இடத்தில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பி மெலிசாக இருந்திருக்கும், இல்லை கட்டு தளர்ந்திருக்கும். மண் வழுக்காமல் பிடிக்க, சின்னச் சின்ன மரக்குச்சிகளைப் பெருக்கல் குறி மாதிரி கட்டிக் கம்பியில் தொங்கவிடுவார்கள். அதை விட்டிருந்தாலும் மண் கீழே இறங்கும். காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் அளவுக்கு மேல் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. ஈரத்துணி சுற்றிப் பாலிதீன் போட்டு மூடினாலே போதும். மூடாமல் விட்டு ஊருக்கு வந்துவிட்டால் எதிர்ப்பக்கத் தொல்லை. மண் காய்ந்து சுருங்கும், கம்பி சுருங்காது, அதனால் வெடிப்பு விழும்.

இதெல்லாம் கட்டுமான வேலை. உங்கள் பக்கத்து முனியப்பன் கோயில்களில் சுதை வேலை செய்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். கம்பி கட்டி முடிக்காமல் கலவையில் கை வைக்கமாட்டார்கள். விடுமுறையில் வரும்போது அப்படி ஒருவரிடம் நான்கைந்து நாள் உதவிக்கு அனுப்புங்கள். மார்க் வராது, ஆனால் கம்பி கட்டத் தெரிந்துவிடும்.

"பொம்மை மாதிரி" என்று ஆசிரியர் சொன்னது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். இதைப் பாப்பாவையே படிக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பலரும் மூக்கு, கண், விரல் என்று சின்னதில் இறங்கிவிடுகிறார்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்ப்பதில்லை. எதிரே நிற்பவர் ஒரு காலில் எடை போட்டு நின்றால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத் தோள் கீழே இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால், எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகே வந்து நிற்கும். இந்த ஒரு கோடு தப்பினால் முகத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும் உருவம் விறைத்துத்தான் நிற்கும். இன்னொன்று, ஒரே பக்கம் உட்கார்ந்து செய்யாதே அம்மா. பலகையைத் திருப்பு, நீயும் சுற்றி வா, முதுகிலிருந்து பார். காலிப்பர் என்ற அளவுக் கவையில் தலை உயரத்தை எடுத்து, முழு உடம்பு எத்தனை தலை வருகிறது என்று அளந்துகொள். புத்தகத்தில் ஏழரைத் தலை என்று இருக்கும், மரபுச் சிற்பத்தில் முக நீளத்தை வைத்து உடம்பை அளக்கும் தாளக் கணக்கு இருக்கும். ஆனால் எதிரே நிற்கும் ஆள் எத்தனை வருகிறாரோ அதுதான் உன் கணக்கு.

சென்னை வந்தால் மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். பாறையைத் தள்ளும் நான்கு பேரில் ஒவ்வொருவருடைய எடையும் எங்கே போகிறது என்று பார்த்தால், வகுப்பில் புரியாதது புரியலாம். சென்னை தூரம் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் இருக்கின்றன. அவை புடைப்புச் சிற்பம்தான், முழு உருவம் இல்லை. ஆனாலும் வில்லோடு பாயும் வீரனின் கால் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று நோட்டில் வரைந்து பழகலாம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிற்பம் படிக்கப் போய், இதைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுவது எனக்கு வருத்தம்தான்.

படிப்பை மாற்றியே ஆக வேண்டிய பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. அழுவது அதற்கு அடையாளமில்லை. மார்க்குக்குத் தேவையான நேரம் போக மீதி நேரம் ஸ்டுடியோ பக்கமே போகாமல் இருப்பது அடையாளம். பாப்பா சரிந்ததை மறுபடி செய்திருக்கிறாள். யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்தாளா என்று மெதுவாகக் கேளுங்கள். ஆம் என்றால் கவலையை விடுங்கள். மண்ணும் தூசியும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வரையத்தான் பிடிக்கிறது என்றால், ஓவியப் பிரிவுக்கு மாற விதி இடம் கொடுக்கிறதா என்று துறைத்தலைவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பி.காம். கடைசி வழி.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பட்டம் வாங்கிய மறுமாதமே சம்பளம் என்பது இந்தத் துறையில் அரிது. கோயில் சுதை வேலை, சினிமா செட், ஃபைபர் சிலை, நகை வடிவமைப்பு என்று வேலை துண்டுதுண்டாக வரும். கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவம் செய்யும் வேலை அனிமேஷனிலும் வீடியோ கேம் நிறுவனங்களிலும் இருக்கிறது. பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம், இந்த வருஷமே பழக ஆரம்பிக்கலாம். கையால் எடை பார்க்கப் பழகியவர்களுக்கு அதிலும் உருவம் நன்றாக நிற்கும். புதிய வண்டி வடிவமைக்கும்போது களிமண்ணில் மாதிரி செய்து பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு, அது சூடாக்கி இளக்கும் வேறு களிமண். வண்டித் தொழிற்சாலைகள் உள்ள ஓசூர் பக்கத்தில் இருக்கிறதே என்று உடனே கணக்குப் போட்டுவிடாதீர்கள். வடிவமைப்புப் பிரிவு இருக்கும் இடங்களில்தான் அந்த வேலை, ஆட்களும் கொஞ்சம்தான். கல்லூரி ஆசிரியர் ஆக ஆசை என்றால் எம்.எஃப்.ஏ. என்ற கவின்கலை முதுகலைப் பட்டம் முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் காட்சிக்கலை ஒரு பாடமாகவே இருக்கிறது. மேற்படிப்புக்குக் குஜராத்தின் பரோடா, மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதன் இரண்டு இடத்துப் பல்கலைக்கழகங்களிலும் சிற்பத்துக்கு நல்ல பெயர்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரை உள்ள இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது, சிற்பமும் அதில் சேரும். அதற்குச் செய்த வேலையின் படங்கள் கையில் இருக்க வேண்டும். எனவே அடுத்த உருவத்தைக் கம்பி கட்டும் கட்டத்திலிருந்தே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்பட்டும். ராத்திரி போன் வரும்போது "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு, "இடுப்புக் கம்பி கெட்டியா கட்டினியா" என்றும் கேளுங்கள்.