வாட்டர்கலர் தாளை வரைவதற்கு முன் நனைத்து இழுத்து ஒட்டுவது எதற்கு?

ஈரம் பட்டால் தாளின் நார்கள் உப்பி விரியும். ஓரிடம் நனைந்து இன்னோரிடம் காய்ந்திருந்தால் தாள் அலையலையாக நெளியும். வண்ணம் பள்ளங்களில் தேங்கிவிடும். அதனால்தான் முழுத்தாளையும் முதலிலேயே ஐந்து நிமிடம்போல நனைத்து, விரிந்த நிலையில் பலகையில் வைத்து, நான்கு ஓரமும் தண்ணீர் தொட்டு ஒட்டும் பசைத்தாள் நாடாவால் ஒட்டுகிறோம். எளிதில் உரியும் மாஸ்கிங் டேப் வேண்டாம், ஈரத்தாளில் அது நிற்காது. தாள் காயும்போது சுருங்கப் பார்க்கும், ஒட்டிய ஓரங்கள் விடாது. மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும்.

அவசரப்பட்டு வெயிலில் வைக்காமல் படுக்கையாகவே காயவிடுங்கள். ரொம்ப நேரம் ஊறவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமல் தடுக்கத் தாளில் பூசியுள்ள பசைப்பூச்சு கரைந்து, தாள் வண்ணத்தை உறிஞ்சிவிடும்.

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் நிறைய தண்ணீர் விட்டு வரைபவர்களுக்கு இது அவசியம். 640 ஜிஎஸ்எம் என்றால் தேவையே இல்லை. படம் நன்றாகக் காய்ந்த அப்புறம்தான் வெட்டி எடுக்கவேண்டும்.