மணி மாலை ஏன் அறுகிறது?

கேள்வி: பொழுதுபோக்காக மணி கோக்கிறேன். நாத்தனார் மகளுக்கு நைலான் நரம்பில் கோத்துக் கொடுத்த கிறிஸ்டல் மாலை இரண்டே வாரத்தில் அறுந்து கொட்டிவிட்டது. முடிச்சு சரியில்லையா? மணி விற்றவர், 3,000 ரூபாய் முன்பணம் கட்டினால் வீட்டிலேயே கோக்க ஆர்டர் தருகிறேன் என்கிறார். சேரலாமா?

பதில்: உங்கள் முடிச்சைக் குறை சொல்ல மாட்டேன். கிறிஸ்டல் மணியின் துளை ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், சுரண்டும். கழுத்து அசையும்போதெல்லாம் அது நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி, கிறிஸ்டல், கல் மணி எல்லாவற்றுக்கும் கியர் வயர்தான். உள்ளே மெல்லிய எஃகு இழைகள், மேலே நைலான் பூச்சு. இதற்கு முடிச்சே கிடையாது. கியர் லாக் என்கிற குட்டி உலோக மணியைக் கோத்து, வயரைக் கொக்கி வளையத்துக்குள் விட்டு, மறுபடி லாக் வழியாகவும் அடுத்த இரண்டு மூன்று மணிகள் வழியாகவும் திருப்பி இழுத்து, லாக்கை பிளேயரால் நசுக்குங்கள். அதற்கு முன் மாலையை வட்டமாக வளைத்துப் பாருங்கள். விறைத்து நின்றால் இரண்டு மில்லிமீட்டர் தளர்த்துங்கள்.

அசல் முத்து மட்டும் விதிவிலக்கு. முத்து மென்மையானது, கம்பி துளையைத் தேய்த்துவிடும். அதற்குப் பட்டு நூல், ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. முடிச்சின் கண்ணுக்குள் ஊசியை விட்டு, முத்தோடு ஒட்டும்வரை தள்ளிக்கொண்டுபோய், பிறகு ஊசியை உருவ வேண்டும். கை வலிக்கும், பொழுது போய்விடும். ஆனால் முத்தும் முத்தும் உரசாது, அறுந்தாலும் ஒன்றுதான் விழும். ‘முத்துக்கும் கியர் வயர் போதும் மேடம்’ என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, முன்பணம். சேராதீர்கள். வேலை கொடுப்பவர் கூலி தருவார், நம்மிடம் பணம் கேட்க மாட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு மட்டமான மணியை ஒரு பொட்டலம் தருவார்கள். கண் வலிக்கக் கோத்துக்கொண்டு போனால் ‘ஃபினிஷிங் சரியில்லை’ என்று திருப்பிவிடுவார்கள். அப்படித் திருப்ப வசதியாக, கையெழுத்து வாங்கிய தாளிலேயே ஒரு வரி இருக்கும். அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பியிருந்தால் இன்றே சைபர் மோசடி உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள். கையில் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர்களிடம், ‘மூவாயிரத்துக்கா வந்தீங்க?’ என்பார்கள். ஐம்பது பெண்களிடம் வாங்கினால் ஒன்றரை லட்சம் என்ற கணக்கு அங்கே யாருக்கும் வராது. மணி விற்பதிலும் இதே கதைதான். பாக்கெட்டில் எடை, விலை, பேக் செய்தவர் முகவரி இருக்க வேண்டும் என்று 2011லேயே விதி போட்டாயிற்று. பாக்கெட்டுகள் இன்னமும் மொட்டையாகத்தான் வருகின்றன, கேட்பாரில்லை.

கொட்டிய மணிகளைத் தூக்கிப் போடாதீர்கள். துளை ஓரம் உடைந்தவற்றைப் பொறுக்கிக் கழித்துவிட்டு, மீதியைக் கியர் வயரில் கோத்து நாத்தனார் மகளுக்கே கொடுங்கள்.