“உன்னைப் பற்றிச் சொல்” என்றதும் ஏன் வாயடைத்துப் போகிறாள்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது, நான்கு நேர்காணலுக்குப் போய் வந்தாள், ஐந்தாவதற்குக் கிளம்ப மாட்டேன் என்கிறாள், படிக்க வைத்ததே வீணோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவள். கேள்வி கேட்பவர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வது எப்படி என்று வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. அந்த இடத்தில்தான் இடறுகிறாள்.

போன வருடம் என்னிடம் நேர்காணல் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் நினைவு வருகிறது. மாதிரி நேர்காணலில் “உன்னைப் பற்றிச் சொல்லம்மா” என்றேன். அப்பா பெயர், ஊர் பெயர், அப்பா கூலி வேலை செய்கிறார் என்பது வரை சொன்னாள். அதோடு நின்றுவிட்டாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நம் ஊர்களில் “நீ யார்” என்று யாரும் கேட்பதில்லை, “யார் வீட்டுப் பெண்” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் அவள் பதில் சொன்னாள்.

கேள்வியை மாற்றினேன். “நேற்று காலையிலிருந்து என்ன செய்தாய்?” தண்ணீர் பிடித்தது, சமைத்தது எல்லாம் சொல்லிவிட்டு, “அம்மாவுடைய மகளிர் குழு நோட்டு எழுதினேன்” என்றாள் போகிற போக்கில். விடாமல் கேட்டேன். பன்னிரண்டு பேரின் சேமிப்பு, குழுவுக்குள் கொடுத்த கடன், வட்டி, தீர்மானப் புத்தகம், வங்கிச் செலான் என்று மூன்று வருடமாக எல்லாமே அவள் கையெழுத்து. கணக்கு ஒரு மாதமும் பிசகியதில்லை. கணக்கர் வேலைக்கு விண்ணப்பித்திருந்த அவளுடைய சுயவிவரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை! “அது வீட்டு வேலைதானே சார்” என்றாள்.

ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்றாலே கோட்டும் டையும், நுனிநாக்கு ஆங்கிலமும் என்று சிலர் நடத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏற்கெனவே கூசி நிற்கும் பிள்ளையை அது இன்னும் கூச வைக்கும். அவள் செய்து முடித்த வேலையை அவள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் முதல் பாடம். ஆங்கிலம் அதன் பிறகு வரட்டும். உங்கள் மகளையும் ஒரு வாரம், செய்ததையெல்லாம் தினமும் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ராத்திரி அதை உங்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஓசூரில் சம்பாதிப்பதை அவள் காதுபடப் பேசாதீர்கள். நான்கு முறை திரும்பி வந்தவளுக்கு அது ஐந்தாவது அடி.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சி பற்றி விசாரியுங்கள். 2014-இல் தொடங்கிய திட்டம், கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. வயது வரம்பு 15 முதல் 35, பெண்களுக்கு 45 வரை தளர்வு உண்டு. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. தொழிலோடு கணினி, பேச்சுப் பயிற்சி, அடிப்படை ஆங்கிலம் எல்லாம் சேர்ந்தே வரும். தங்கிப் படிக்கிற வகுப்பா, போய்வருகிற வகுப்பா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களும் இலவசம்தான். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வெளியூரில் எங்கே தங்க வைப்பது என்ற உங்கள் பயம் நியாயமானது. பல பெண்களின் வேலை அந்த ஒரு கேள்வியிலேயே நின்றுபோகிறது. வேலை செய்யும் பெண்களுக்காகத் தமிழக அரசு ‘தோழி’ என்ற பெயரில் சில நகரங்களில் விடுதிகள் நடத்துகிறது. வேலை கிடைக்கும் ஊரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் போய் அறையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மகளிர் திட்ட அலுவலகத்துக்கு முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். சாதாரண நகரப் பேருந்தில் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, செலவு கையைக் கடிக்காது. வாசல் வரை போதும். உள்ளே அவளே போய்ப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். திரும்பி வந்ததும் “கிடைத்ததா” என்று கேட்காதீர்கள். “என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்” என்று கேளுங்கள். அதை எனக்கும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.