ஏன் இன்னும் யாரும் பேசவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை தரம் 10 பிள்ளைகளை இரவு மைதானத்துக்குக் கூட்டிப்போய் வானம் காட்டினேன். மூடுபனி இல்லை. சிவனொளிபாதமலைப் படிகளில் எரியும் விளக்கு வரிசைகூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்போது ஒரு பிள்ளை, "இவ்வளவு நட்சத்திரம் இருக்குதே சேர், ஒருத்தராவது ஏன் இன்னும் நம்மகிட்ட பேசல?" என்று கேட்டாள். தூரம் அதிகம் என்று சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. என்னோடு படிப்பிக்கும் ஒருவர், "அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள், அமெரிக்காக்காரன் மறைக்கிறான்" என்கிறார். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லட்டும்?

ச., மஸ்கெலியா

அன்புள்ள ச.,

நீங்கள் சொன்ன பதில் சரிதான். ஆனால் 'தூரம்' என்று மட்டும் சொன்னால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதுவும் பிடிபடாது. தூரத்தை வருஷமாக்கிச் சொல்லிப் பாருங்கள். அதற்குத் தோதான இரண்டு நட்சத்திரங்கள் தை, மாசி மாதங்களில் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கின்றன.

இரவு ஏழு மணிக்கு மைதானத்தில் நின்றால் கிழக்கே ஓரியன் என்ற நட்சத்திரத் தொகுதி நன்றாக ஏறியிருக்கும். அதில் நீலவெள்ளையாகப் பளிச்சென்று இருப்பது ரைகல். கையை நீட்டி விரல்களை விரித்து, ரைகலிலிருந்து மேற்கே ஒரு சாண் அளந்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். சற்று மங்கலாகத் தெரியும் நட்சத்திரம் எப்சிலன் எரிடானி. அதே போக்கில் இன்னொரு சாண், கொஞ்சம் தெற்கே ஒதுங்கிப் போனால் டாவ் செட்டி. இரண்டும் வெறும் கண்ணுக்குத் தெரியும். போனில் வானவரைபட ஆப் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

1960 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், கிரீன் பேங்க் என்ற இடத்தில், பிராங்க் டிரேக் என்ற வானியலாளர் 26 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பியது இந்த இரண்டை நோக்கித்தான். வேற்றுலக அறிவைத் தேடி நவீன முறையில் ஒருவர் காது கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் தேர்ந்தெடுத்தது 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை. ஐதரசன் அணு இயல்பாகவே வெளிவிடும் அலை அது. அண்டத்தில் அதிகம் இருப்பதே ஐதரசன் என்பதால், ரேடியோ தெரிந்த எவருக்கும் அந்த அலைவரிசையும் தெரிந்திருக்கும் என்பது கணக்கு. சில மாதங்கள் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

டாவ் செட்டி சுமார் 12 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளியோ ரேடியோ அலையோ போய்ச் சேர 12 வருஷம். அந்தப் பிள்ளையின் கண்ணில் இன்று விழும் வெளிச்சம், அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அங்கிருந்து கிளம்பியது. இன்றிரவு அவள் 'வணக்கம்' என்று ஒரு ரேடியோச் செய்தி அனுப்பி, அங்கே யாராவது அதே கணத்தில் பதில் போட்டாலும், அது வந்து சேரும்போது அவளுக்கு 39 வயது. மிக அருகில் இருக்கும் நட்சத்திரங்களில் ஒன்றுக்கே இந்தக் கதை. பால்வீதியின் குறுக்களவோ ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு.

சரி, 200 ஒளியாண்டுக்கு அப்பால் ஒருவர் நினைக்கவே முடியாத அளவு பெரிய தொலைநோக்கியால் நம் மலைநாட்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிவது 1820கள். மலை முழுக்கக் காடு. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரையில் முதல் தேயிலைத் தோட்டம் போட்டதே 1867இல்தான். காப்பித் தோட்டங்களுக்காக நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடக்கத் தொடங்கிய காலம் அந்த 1820கள். அந்த நடையில் செத்து விழுந்தவர்களுக்குப் பேர்கூட எஞ்சவில்லை. தூரத்திலிருந்து பார்க்கும் அந்த ஆளின் ரேடியோவில் பூமி ஊமை, ஏனென்றால் இங்கே அப்போது ரேடியோவே கிடையாது. "அங்கே யாரும் இல்லை" என்று அவர் எழுதி வைத்துவிட்டால் இருநூறு வருஷப் பாடு, அத்தனை உயிர், அவர் கணக்கில் சேராமலே போகும். நாம் வானத்தைப் பார்த்து 'யாரும் இல்லை' என்று சொல்லும்போதும் அதே பிழையைச் செய்கிறோமோ என்று எனக்கு மனம் பதறுகிறது.

அதுவும் நாம் தேடியிருப்பது மிகக் கொஞ்சம். இந்தத் தேடலிலேயே வாழ்நாளைக் கழித்த ஜில் டார்ட்டர், இதுவரை தேடியதைக் கடலில் அள்ளிய ஒரு கிளாஸ் தண்ணீர் என்றார். அந்தக் கிளாஸில் மீன் இல்லை என்பதற்காகக் கடலில் மீன் இல்லை என்று சொல்லலாமா? 2018இல் வேறு சிலர் திரும்பக் கணக்குப் போட்டார்கள். கிளாஸ் ஒரு பெரிய குளியல் தொட்டி ஆனது. அவ்வளவுதான்.

யாருமே இல்லை என்பவர்களின் எதிர்வாதம் பலமானது, அதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலாமோஸ் ஆய்வுகூடத்தில், பகல் சாப்பாட்டு மேசையில், பௌதிக விஞ்ஞானி என்ரிக்கோ ஃபெர்மி கேட்ட கேள்வி: "எல்லோரும் எங்கே?" பின்னால் வந்தவர்கள் இதைக் கணக்காக விரித்தார்கள். மெதுவாகப் போகும் கலங்களில் ஏறினாலும் சில கோடி வருஷத்தில் பால்வீதி முழுக்கப் பரவிவிடலாம். பால்வீதிக்கு வயது ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல். அப்படியானால் யாராவது ஒருவர் இந்நேரம் இங்கே வந்திருக்க வேண்டாமா? கணக்கில் எனக்குப் பிணக்கு இல்லை. அதன் அடியில் இருக்கும் நினைப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அறிவு வந்தால் அது கப்பலேறும், காணி பிடிக்கும், நிற்கவே நிற்காது என்கிற நினைப்பு அது. துரைமாரின் வரலாற்றை அறிவின் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தக் காணியில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் நாம். அறிவோடு வாழ வேறு வழிகளும் உண்டு என்பது நமக்குத் தெரியும்.

என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், பூமியின் கதையைத்தான் காட்டுவேன். பூமிக்கு வயது 454 கோடி வருஷம். குறைந்தது 350 கோடி வருஷமாக இங்கே உயிர் இருக்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்களின் காலம். விலங்குகள் வந்து சுமார் 60 கோடி வருஷம். ரேடியோ வந்து 130 வருஷம். மற்ற இடங்களிலும் இதே போக்கு என்றால், உயிருள்ள பத்து உலகங்களுக்குப் போனாலும் அநேகமாகப் பத்திலும் பாசியும் பக்டீரியாவும்தான் இருக்கும். பேச ஆள் இருக்காது. பேசத் தெரிந்தவர்கள் எங்காவது இருந்தாலும், அவர்கள் காலமும் நம் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். தூரத்தைவிட இதுதான் பெரிய தடை என்று நம்புகிறேன். அதனால் முதல் சேதி குரலாக வராது, அங்குள்ள உயிர்கள் வெளிவிடும் ஒரு வாயுவாக வரும் என்பது என் எண்ணம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இப்போதே தூரத்துக் கோள்களின் வளிமண்டலத்தில் என்னென்ன வாயு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம், உங்கள் சக ஆசிரியர். அவரிடம் பார்க்ஸ் கதையைச் சொல்லுங்கள். அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விளங்காத ரேடியோத் துடிப்புகள் பதிவாகின. 2015இல் எமிலி பெட்ரோஃப் என்ற ஆய்வு மாணவியும் அவரது குழுவினரும் காரணத்தைப் பிடித்தார்கள். நிலையத்திலிருந்த மைக்ரோவேவ் அடுப்பு நிற்கும் முன்பே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்! அதை அவர்களே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2019இல் அதே தொலைநோக்கி, சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான புரொக்சிமா சென்டோரியின் திசையில் ஒரு சமிக்ஞையைப் பதிந்தது. ஆய்வு முடியும் முன்பே பத்திரிகைகளில் வந்துவிட்டது. 2021இல், அது மனிதக் கருவிகளிலிருந்து வந்த இடையூறுதான் என்று அதை ஆராய்ந்த விஞ்ஞானிகளே அறிவித்தார்கள். இப்படிப்பட்ட சேதியைப் பூட்டி வைக்கவும் முடியாது, வைக்க நினைப்பவர்களும் அவர்கள் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நாமும் பெரிதாகப் பேசிவிடவில்லை. 1974 நவம்பர் 16இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற நட்சத்திரக் கூட்டத்துக்கு ஒரு செய்தி போனது. மூன்று நிமிஷம்கூட இல்லை, ஒரே ஒரு தடவை. போய்ச் சேர 25,000 வருஷம். பிறகும் சில செய்திகள் போயின, ஆனால் கேட்கச் செலவிட்ட நேரத்தோடு பார்த்தால் பேசியது ஒன்றுமே இல்லை.

டாவ் செட்டியை மாசி முடிவதற்குள் காட்டிவிடுங்கள். பங்குனியில் அது இருட்டும்போதே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். காட்டிவிட்டு, அங்கே என்ன சொல்லி அனுப்புவாய், பதில் வர 24 வருஷம் ஆகும் என்று அவளிடம் கேளுங்கள். அவள் எழுதுவதை எனக்கும் அனுப்பி வையுங்கள்.