பைக் உங்களுடையது, பாலிசி யாருடையது?

கேள்வி: ஆறு ஆண்டு ஓடிய 125 சிசி பைக்கைத் தரகர் மூலம் வாங்கினேன். பழைய உரிமையாளர் பெயரில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அது முடிந்ததும் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். சரியா? அடுத்த முறை தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் போதுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: தரகர் சொன்னதில் பாதிதான் உண்மை. வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி காப்பீடு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் அவருக்கு இழப்பீடு உண்டு. ஆனால் பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், உங்கள் வண்டியே நொறுங்கினாலோ திருடு போனாலோ நிறுவனம் கையை விரித்துவிடும். பாலிசியில் பெயர் மாற்ற விண்ணப்பிக்கச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் உங்கள் பெயரில்தான் எடுக்க வேண்டும்.

தரகர் ஏன் தள்ளிப்போடச் சொல்கிறார்? அநேகமாக ஆர்.சி.யே இன்னும் உங்கள் பெயருக்கு மாறியிருக்காது. தேதி போடாமல் கையெழுத்து வாங்கிய 29, 30 எண் படிவங்களை (வண்டி உரிமை மாற்றத்துக்கானவை) நீட்டி, ‘இது போதும் சார்’ என்பார். போதாது. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலேயே பட்டப்பகலில் இந்த வியாபாரம் நடக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சட்டத்துக்குத் தேர்டு பார்ட்டி போதும். உங்கள் வண்டிக்கு 2022-இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. அதுவும் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதமே 2,000 ரூபாய்.

ஆனால் பின்னால் மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிச் செல்வீர்கள் அல்லவா? அங்கேதான் சிக்கல். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால், உங்கள் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பாலிசிக்குள் வரமாட்டார் என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாலையில் நடந்துபோகிறவருக்கு இழப்பீடு உண்டு, உங்கள் வண்டியிலிருந்து விழுந்தவருக்கு இல்லை. அபத்தம்தான், சட்டம் அப்படி. முழுக் காப்பீட்டில் அவரும் அடங்குவார். அதற்காகவாவது அதையே எடுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய உரிமையாளரின் ‘நோ க்ளெய்ம் போனஸ்’, அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, உங்களுக்குச் சேராது. பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட அதை அப்படியே எழுதிவிடும் முகவர்கள் உண்டு. கமிஷன் அவருக்கு, க்ளெய்ம் நாளில் அலைச்சல் உங்களுக்கு. பணத்தை நிறுவனத்தின் கிளையிலோ இணையதளத்திலோ நேரடியாகக் கட்டுங்கள். படிவத்தில் போனஸ் கட்டத்தில் சைபர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.